மனநோய், குளிசை, ஆராய்ச்சி: எங்கட பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் மனநோயோடு வாழ்பவர்களின் குடும்பங்கள் கூடுகிற இடங்களில் உதவிக்கு நிற்கிறவன் நான். வைத்தியர் இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளை வாசித்து ஆட்களுக்கு விளங்கச் சொல்வது பழக்கமாகிவிட்டது, அதனால் கிளினிக் வாங்கிலிலும் செத்தவீட்டிலும் சந்தையிலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வட்ஸ்அப்பில் "ஆராய்ச்சியில் நிரூபணம்" என்று ஒரு வீடியோ சுற்றினால் அடுத்த நாள் நாலு பேர் பிடித்துக் கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். உங்கள் வைத்தியர் சொன்னது இதிலிருந்து வேறாக இருந்தால் அவரிடமே கேளுங்கள். அவர் ஆளைப் பார்த்துச் சொல்கிறார், நான் கட்டுரையைப் பார்த்துச் சொல்கிறேன்.

ஸ்கேன் எடுத்தா, ரத்தம் பார்த்தா தெரியாதா? டொக்டர் சும்மா கதைச்சுப்போட்டே வருத்தத்துக்குப் பேர் வைக்கிறாரே.

மனச்சோர்வையோ, இல்லாத குரல் கேட்பதும் வீண் சந்தேகமும் வருகிற மனச்சிதைவையோ, மனம் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் மாறுகிற இருமுனை நோயையோ காட்டிக்கொடுக்கிற ஸ்கேனும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. கிளினிக்கில் ரத்தம் எடுப்பதும் சில பேரை ஸ்கேனுக்கு அனுப்புவதும் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான்: தைரொய்ட், வலிப்பு, கிருமித் தொற்று, கட்டி. மூளைப் படத்தை வைத்து ஆயிரக்கணக்கான ஆராய்ச்சிகள் நடந்தன. 2022-இல் நேச்சர் சஞ்சிகையில் வந்த ஒரு பெரிய அலசல், சில டசின் பேரை வைத்துச் செய்த இப்படியான ஆய்வுகளின் முடிவுகள் மறுபடி செய்து பார்த்தால் பெரும்பாலும் நிற்பதில்லை, நம்பத்தகுந்த முடிவுக்கு ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டும் என்று காட்டியது. ஆகவே மூளையைப் படம் பிடித்து மனநோயைச் சொல்கிறோம் என்று யாராவது காசு கேட்டால் அந்தக் காசை வீட்டுச் செலவுக்கு வைத்திருங்கள்.

கதைத்துக் கண்டுபிடிப்பது மட்டமான முறை இல்லை. நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, எப்போதிருந்து, வேலைக்குப் போகிறாரா, தனியே கதைக்கிறாரா என்பதெல்லாம்தான் இங்கே தகவல். அதனால் கூட வாழ்கிற ஒருவர் கிளினிக்குக்குப் போவது முக்கியம். ஊரில் இருந்து கூட்டிப்போக மட்டும் வந்த சித்தப்பாவுக்கு ராத்திரி என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்?

மூளையில செரட்டோனின் குறைஞ்சதாலதான் இந்த வருத்தம் எண்டு சொன்னாங்க. இப்ப அது பொய்யாம் எண்டு யூடியூப்பில போகுது. எது சரி?

இரண்டிலும் பாதி சரி. 2022-இல் லண்டனைச் சேர்ந்த ஜொவானா மொன்கிரீஃப் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மனச்சோர்வுக்குக் காரணம் செரட்டோனின் என்கிற மூளை இரசாயனத்தின் குறைவு என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று எழுதியது. அந்த எளிமையான கதையைப் பல மனநல ஆராய்ச்சியாளர்கள் அதற்கு முன்பே கைவிட்டிருந்தார்கள். நோயாளிகளுக்குச் சொல்கிறபோதும் மருந்துக் கம்பனி விளம்பரத்திலும்தான் அது நீண்ட நாள் உயிரோடு இருந்தது.

ஆனால் யூடியூப்காரர் அங்கிருந்து ஒரே பாய்ச்சலாக "அப்ப மருந்து வேலை செய்யாது" என்று போய்விடுகிறார். மருந்து வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு ஆய்வு வேண்டும். 2018-இல் லான்செட்டில் வந்த சிப்ரியானி குழுவின் தொகுப்பு 522 பரிசோதனைகளை, கிட்டத்தட்ட 1,16,000 பேரை எடுத்துப் பார்த்தது. ஒப்பிட்ட 21 மருந்துகளும், மருந்தே இல்லாத வெறும் மாக்குளிசையை விடக் கூடுதலாக உதவின. எவ்வளவு கூடுதல்? சராசரியாகப் பார்த்தால் கொஞ்சம்தான். சில பேருக்கு நல்லா, சில பேருக்கு ஒன்றுமே இல்லை, யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல இன்னும் வழியில்லை. வைத்தியர் ஒரு குளிசையைத் தொடங்கி, நாலைந்து கிழமை பார்த்து, பிறகு மாற்றுவது இதனால்தான். அவருக்குத் தெரியாமல் தடுமாறுகிறார் என்று நினைத்து இடையில் நாட்டு வைத்தியம் செய்கிற பரிசாரியிடம் ஓட வேண்டாம்.

இந்தக் குளிசை ஆளை அடிமையாக்குமாமே? ஒருக்கா தொடங்கினா விடேலாதாம்.

மனச்சோர்வுக் குளிசை கஞ்சா, சாராயம் மாதிரி இல்லை, மேலே மேலே கேட்கிற ஆசையை உண்டாக்காது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் உடம்பு காட்டும்: தலைச்சுற்று, நித்திரையின்மை, எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி ஒரு உணர்வு. இதை முன்பு ஆட்கள் சொன்னபோது "அது பழைய வருத்தம் திரும்புது" என்று தட்டிக்கழித்த வைத்தியர்களும் இருந்தார்கள், அது பிழை. 2024-இல் ஒரு ஜேர்மன் குழு செய்த தொகுப்பு, நிறுத்துவதால் மட்டுமே வரும் தொல்லை ஆறேழு பேரில் ஒருவருக்கு என்றும், கடுமையான தொல்லை நூற்றுக்கு மூன்று பேர் அளவில் என்றும் கணக்கிட்டது. நெடுங்காலம் எடுத்தவர்களுக்கு இது கூடலாம் என்று மற்றவர்கள் வாதிடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்கிற விஷயம் ஒன்று: நிறுத்துவதானால் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும், வைத்தியரோடு பேசிக் குறைக்க வேண்டும்.

நித்திரைக் குளிசை, பதற்றக் குளிசை என்று தருகிற டயசிபாம் வகை வேறு கதை. அதற்கு உண்மையில் பழகிப்போவார்கள். பார்மசியில் பழைய துண்டைக் காட்டி வருசக்கணக்காக வாங்கிக் குடிக்கிற மாமிமார் இருக்கிறார்கள், அவர்களை ஏசாமல் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். அதையும் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, வலிப்பு வரலாம்.

இப்ப நல்ல சுகம். மறுகா ஏன் குளிசை?

இதற்கு நோயைப் பொறுத்துப் பதில் மாறும். மனச்சோர்வுக்கு: இங்கிலாந்தில் 478 பேரை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது, முடிவு 2021-இல் வந்தது. எல்லோரும் நீண்ட நாள் குளிசை குடித்து, இப்போது நிறுத்தலாம் போல இருக்கிறது என்று நினைத்தவர்கள். ஒரு வருசத்துக்குள், தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கும், மெல்லக் குறைத்து நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 56 பேருக்கும் வருத்தம் திரும்பியது. ஆட்கள் இதை வாசித்து "பாத்தியா நிறுத்தக்கூடாது" என்பார்கள், ஆனால் நிறுத்தியும் திரும்பாதவர்கள் 44 பேர் இருக்கிறார்களே. ஆக இது உத்தரவு இல்லை, உட்கார்ந்து கதைத்து எடுக்க வேண்டிய முடிவு.

மனச்சிதைவு போன்ற கடும் நோய்க்கு நான் இவ்வளவு தாராளமாகக் கதைக்க மாட்டேன். மேலே சொன்ன அதே மொன்கிரீஃப், குளிசையைக் குறைப்பதற்கு ஆதரவானவர், 253 பேரை வைத்து இரண்டு வருசம் ஒரு பரிசோதனை செய்தார். குறைத்தால் ஆட்கள் சமூகத்தில் நல்லாக இயங்குவார்கள் என்பது எதிர்பார்ப்பு. அப்படி நடக்கவில்லை. குறைத்தவர்களில் நூற்றுக்கு 25 பேருக்குக் கடுமையாகத் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 13. தன் எதிர்பார்ப்புக்கு மாறான முடிவை மறைக்காமல் 2023-இல் அவரே வெளியிட்டார், அதற்காகவே அந்த முடிவை நான் நம்புகிறேன்.

குளிசையை நாக்குக்குக் கீழ வெச்சுத் துப்பிப்போடுறான். மாச ஊசி நல்லமா?

நல்லம்தான், பலருக்கு. சுவீடனில் கிட்டத்தட்ட 30,000 மனச்சிதைவு நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்த ஆய்வில், ஊசி எடுத்தவர்கள் திரும்ப வார்ட்டுக்குப் போவது, அதே மருந்தைக் குளிசையாக எடுத்தவர்களை விட நூற்றுக்கு 20 முதல் 30 வரை குறைவு. வீட்டில் தினமும் "குடிச்சியா, வாயத் திற" என்கிற சண்டை நின்றுபோவதை அந்த ஆய்வு அளக்கவில்லை என்றாலும் அதுவே பெரிய நிம்மதி. ஆனால் அவர் ஏன் துப்புகிறார் என்றும் ஒருக்கா கேளுங்கள். கை நடுங்குது, உடம்பு இறுகுது, கூடுதலாக நித்திரை வருது என்றால் அதற்கு மருந்தின் அளவைப் பார்க்கலாம்.

குளோசபின் தொடங்கினதில இருந்து ரத்தம் குத்திக் குத்தி எடுக்கிறாங்க. அவ்வளவு ஆபத்தான மருந்தா?

மனச்சிதைவுக்கு மற்ற மருந்து இரண்டு கொடுத்தும் சரிவராதவர்களுக்கு இன்றுவரை மிக நல்ல மருந்து அதுதான். 1988-இல் அமெரிக்காவில் 268 பேரை வைத்துச் செய்த பரிசோதனையில் பழைய மருந்தால் நூற்றுக்கு 4 பேரும் குளோசபினால் 30 பேரும் தேறினார்கள். ரத்தம் எடுப்பது வெள்ளணுக்கள் சடுதியாகக் குறைகிறதா என்று பார்க்க. அந்த ஆபத்து பெரும்பாலும் முதல் 18 கிழமைக்குள், அதனால்தான் தொடக்கத்தில் அடிக்கடி குத்துகிறார்கள். காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் பனடோல் போட்டுப் படுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யாரும் கவனிக்காத இன்னொன்று: மலச்சிக்கல். சிரிக்க வேண்டாம், இந்த மருந்தில் குடல் அசைவு நின்று உயிரே போயிருக்கிறது. வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கரண்ட் வைக்கப் போறம் எண்டு சொன்னாங்க. பிள்ளைய அதுக்கு விடலாமா?

கரண்ட் வைப்பது என்கிற மின்னதிர்ச்சிச் சிகிச்சை, பழைய படங்களில் பார்க்கிற மாதிரி கட்டிப்போட்டுச் செய்வது இல்லை. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துச் செய்வது, சில நிமிட வேலை, வழமையாகக் கிழமைக்கு இரண்டு மூன்று தரம், மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு வரை. சாப்பிடாமல் குடிக்காமல் கல் மாதிரி இருக்கிற, சாக வேண்டும் என்று நிற்கிற கடும் மனச்சோர்வில் இதை விட வேகமானது வேறு அதிகம் இல்லை. ஞாபக மறதி உண்மை. செய்த நாட்களைச் சுற்றிய நினைவுகள் போகலாம், பெரும்பாலும் சரியாகிவிடும், சில பேருக்குச் சில நினைவுகள் திரும்பாது.

சொல்லப்படாத பகுதி அதற்குப் பிறகுதான். 2001-இல் வந்த ஒரு ஆய்வில், கரண்ட் வைத்துத் தேறியவர்களுக்குப் பிறகு மாக்குளிசை மட்டும் கொடுத்தபோது ஆறு மாதத்தில் நூற்றுக்கு 84 பேருக்குத் திரும்பியது. மனச்சோர்வு மருந்தோடு, மனநிலையைச் சீராக வைக்கிற லித்தியமும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 39. கரண்ட் வைத்தாயிற்று, இனிக் கிளினிக் தேவையில்லை என்று நினைக்கிற குடும்பங்கள் இந்த இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும்.

இது வருத்தம் இல்ல, செய்வினை. கோயிலுக்குக் கொண்டுபோறதா, ஆஸ்பத்திரிக்கா?

இந்தக் கேள்வி இல்லாமல் மட்டக்களப்பில் ஒரு நாளும் போகாது. மாந்திரீகத்துக்குப் பேர் போன ஊர், வேறெப்படி இருக்கும். பேயோட்டுகிற கட்டாடியாரிடம் போகிறவர்களும் மௌலவியிடம் ஓதிப் பார்க்கிறவர்களும் என்னிடம் ஒளித்துச் சொல்வார்கள், ஒளிக்கத் தேவையில்லை.

ஆராய்ச்சி பேய் இருக்கா இல்லையா என்று பார்க்கவில்லை, போனவர்கள் தேறினார்களா என்று பார்த்தது. தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயில் ஒன்றில் மருந்தில்லாமல் தங்கியிருந்த 31 பேரைப் பெங்களூர் வைத்தியர்கள் அளந்து பார்த்து 2002-இல் எழுதினார்கள். அறிகுறிகள் கிட்டத்தட்ட நூற்றுக்கு 20 குறைந்திருந்தன. ஒப்பிட வேறு கூட்டம் இல்லாத சின்ன ஆய்வு, ஆனாலும் அடி உதை இல்லாத, சோறு போடுகிற, அமைதியான இடம் மனுசரைத் தேற்றும் என்பதில் ஆச்சரியம் இல்லை. எங்கட ஊரிலேயே, போர் நடந்த 90-களில் இங்கே தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் பட்ரிசியா லோரன்ஸ், காணாமல் போனவர்களின் தாய்மார் அம்மன் கோயில்களில் தெய்வம் ஆடுபவர்களிடம் வாக்குக் கேட்டதைப் பதிவுசெய்தார். வெளியே வாய் திறக்கமுடியாத காலத்தில் அழ அனுமதி கிடைத்த இடம் அதுதான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு ஏர்வாடியில், தர்காவுக்குப் பக்கத்தில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு இடம் 2001 ஓகஸ்ட் 6-இல் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் எரிந்து செத்தார்கள். பிறகு கானாவில் ஒரு பிரார்த்தனை முகாமில், வழிபாட்டை நிறுத்தாமல் கூடவே மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து கிடைத்தவர்கள் நல்லாகத் தேறினார்கள், ஆனால் சங்கிலியில் கிடந்த நாட்கள் குறையவில்லை. மருந்து வந்தால் சங்கிலி தானாகக் கழலாது, அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆக என் பதில்: இரண்டுக்கும் போங்கள், குளிசையை நிறுத்தச் சொல்கிற இடத்துக்கும் கட்டுகிற, அடிக்கிற, பட்டினி போடுகிற இடத்துக்கும் போகாதீர்கள். முதல் தரம் குரல் கேட்கிற பிள்ளையைக் கோயில் கோயிலாக ஒரு வருசம் கொண்டு திரிந்துவிட்டுப் பிறகு கிளினிக்குக்கு வராதீர்கள். சிகிச்சை தொடங்கப் பிந்தப் பிந்தத் தேறுவதும் கஷ்டம் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம்.

மாப்பிள்ளையின்ட தாய்க்கு இந்த வருத்தமாம். பரம்பரையில வருமா? கலியாணத்த விடுறதா?

மனச்சிதைவையே எடுப்போம், ஆட்கள் கூடப் பயப்படுவது அதற்குத்தான். பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு அளவில் வரும். தாய் அல்லது தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து. அதைத் திருப்பி வாசியுங்கள்: தொண்ணூறுக்கு மேல் வராது. மரபணு முழுக்க ஒன்றான இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வருவது மூன்றில் ஒன்று முதல் பாதி வரைதான். மாப்பிள்ளை முப்பது தாண்டி நல்லாக இருக்கிறார் என்றால் அவருக்கு மிச்சமிருக்கும் வாய்ப்பு இன்னும் குறைவு, ஏனென்றால் ஆண்களுக்கு இது பெரும்பாலும் இருபதுகளில் தொடங்கிவிடும்.

ஒரு தனி மரபணு என்று எதுவும் இல்லை. 2022-இல் 76,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவைப் பார்த்த உலக ஆய்வு, தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டது, பெரும்பாலானவை ஒவ்வொன்றும் மிகச் சிறிய அளவு. அதிலே இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களும் கிழக்காசியர்களும்தான், ஆகவே "மரபணு டெஸ்ட் செய்து சொல்கிறோம்" என்கிற கடைக்கு எங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றும் இல்லை. மற்றபடி கலியாணம் உங்கள் வீட்டு விஷயம். சீனியும் பிரசரும் பரம்பரையில் வரும் என்று தெரிந்தும் எத்தனை சம்பந்தத்தை விட்டீர்கள் என்று மட்டும் கேட்பேன்.

கஞ்சா மூலிகைதானே? ஐஸ்தான் கூடாது எண்டு பொடியன் சொல்றான்.

ஐஸ் என்கிற போதைப்பொருள் பற்றி அவன் சொல்வது சரி, குடித்தவர்களில் கணிசமானவர்களுக்குச் சந்தேகமும் குரல் கேட்பதும் வரும். கஞ்சாவும் சும்மா இல்லை. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்த ஆய்வு, 2019-இல் வந்தது: வீரியம் கூடிய கஞ்சாவை தினமும் குடிப்பவர்களுக்கு மனப்பிறழ்வு (அதே குரலும் சந்தேகமும்) வரும் வாய்ப்பு, ஒருபோதும் குடிக்காதவர்களை விட ஏறத்தாழ ஐந்து மடங்கு. கேரளா கஞ்சா என்று விற்கிற பொதிக்குள் வீரியம் எவ்வளவு என்று யார் அளந்தார்கள்? முன் பதிலில் சொன்ன பரம்பரை வாய்ப்பு உள்ள வீட்டுப் பொடியனுக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

சுனாமியில போன பிள்ளைய நினைச்சு மாமி இன்னும் அழுறா. இது வருத்தமா?

அழுவது வருத்தம் இல்லை. டிசம்பர் 26 வந்தால் கடற்கரையில் நிற்கிற அரைவாசிப் பேர் அழுகிறார்கள். 2022-இல் நீடித்த துயரம் என்று ஒரு நோய், வைத்தியர்கள் பாவிக்கிற இரண்டு பெரிய நோய்ப் பட்டியல்களிலும் நடைமுறைக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஆறு மாதத்துக்கு மேல், அமெரிக்கப் பட்டியலில் பெரியவர்களுக்கு ஒரு வருசத்துக்கு மேல். ஆனால் வெறும் காலக்கணக்கு போதாது. அந்த ஊரின், சமயத்தின் வழக்கத்தைத் தாண்டிப் போயிருக்க வேண்டும், வாழ்க்கையே நின்றுபோயிருக்க வேண்டும். மாமி சமைக்கிறா, சடங்குக்குப் போறா, பேரப்பிள்ளையோடு சிரிக்கிறா, படத்துக்கு முன்னால் அழுகிறா என்றால் விடுங்கள், அழட்டும். பிள்ளையின் உடுப்பைத் தொட விடாமல், வீட்டை விட்டு வெளிக்கிடாமல், ஒருவரோடும் ஒட்டாமல் இத்தனை வருசமும் இருக்கிறா என்றால் உதவி தேவை.

உதவி என்றால் என்ன என்பதிலும் ஒரு முடிவு இருக்கிறது. அமெரிக்காவில் 395 பேரை வைத்து 2016-இல் வந்த ஆய்வில், துயரத்துக்கென்றே வடிவமைத்த பேச்சுச் சிகிச்சை துயரத்தைக் குறைத்தது, மனச்சோர்வுக் குளிசை துயரத்தைக் குறைக்கவில்லை. குளிசை கூட இருக்கிற மனச்சோர்வுக்கு உதவலாம், அவ்வளவுதான். உடல் கிடைக்காதவர்கள், போரில் கூட்டிச்செல்லப்பட்டு முடிவு தெரியாதவர்கள் வீட்டுக்கு இந்தச் சிகிச்சையை அப்படியே கொண்டுபோக முடியாது. செத்துப்போனார் என்று ஏற்றுக்கொள் என்று ஒரு தாயிடம் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

சுனாமி நேரம் கவுன்சலிங் எண்டு எத்தனை பேர் வந்தாங்க. அதால நன்மை நடந்ததா?

நிறையப் பேர் வந்தார்கள், சில பேர் ஒரு கிழமைப் பயிற்சியோடு. அன்று பிரபலமாக இருந்த முறை, நடந்ததை உடனே ஒரே இருப்பில் முழுக்கச் சொல்லவைப்பது. சுனாமிக்கு முன்பே, 2002-இல், ஆய்வுகளைத் தொகுத்த கொக்ரேன் மீளாய்வு, அது பிறகு வரும் நோயைத் தடுக்கவில்லை, சிலருக்கு மோசமாக்கவும் கூடும் என்று சொல்லியிருந்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது வேறு: சாப்பாடு, பாதுகாப்பு, சொந்தக்காரரோடு சேர்ப்பது, கதைக்க விரும்பினால் கேட்பது, தோண்டாமல் விடுவது.

பிறகு வந்தவற்றில் இரண்டு, இரண்டுமே எங்கட பிள்ளைகளிடம் செய்தவை. சுனாமிக்குப் பின் வடகிழக்கில் 31 பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள் இரண்டு முறைகளில் ஒன்றைச் செய்தார்கள்: வாழ்க்கைக் கதையை ஒழுங்காகச் சொல்லவைப்பது, அல்லது தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதத்தில் முதலாவதில் நூற்றுக்கு 81, இரண்டாவதில் 71 பிள்ளைகள் தேறினார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 2012-இல் வந்த பெரிய ஆய்வு, வடக்கில் 399 பாடசாலைப் பிள்ளைகள், பாடசாலையிலேயே ஒரு நிகழ்ச்சி: சில பிள்ளைகளின் சண்டித்தனம் குறைந்தது, ஆனால் பயங்கர நினைவுகளின் தொல்லை பெண் பிள்ளைகளில், நிகழ்ச்சி கிடைக்காதவர்களை விடக் குறைவாகவே இறங்கியது. நல்ல மனதோடு செய்வதும் பிழைக்கலாம். பாடசாலையில் உளவளத் திட்டம் என்று யாராவது வந்தால், இது முன்பு எங்கே அளக்கப்பட்டது என்று அதிபர் கேட்கலாம்.

கடன்தான் என்ட பிரச்சினை. குளிசை வந்து லோன் கட்டுமா?

கட்டாது. மைக்ரோ பைனான்ஸ் காரன் வாசலில் வந்து நிற்கிற பொம்பிளை இதைக் கேட்கிறபோது அவ சரியாகத்தான் கேட்கிறா. வறுமை மனச்சோர்வையும் பதற்றத்தையும் உண்டாக்குகிறது, மனச்சோர்வு உழைப்பைக் குறைத்து வறுமையைக் கூட்டுகிறது, இரண்டு பக்கமும் காரணம் ஓடுகிறது என்று 2020-இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரை ஆதாரங்களைத் தொகுத்தது. ஏழை நாடுகளில் காசாகவே கையில் கொடுத்த திட்டங்கள் மனநலத்தைக் கொஞ்சம் உயர்த்தின என்று 2022-இல் 45 ஆய்வுகளின் தொகுப்பு காட்டியது. ஆகவே பிரதேச செயலகத்தில் வாங்க வேண்டிய உதவிக்கு விண்ணப்பம் போடுவதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான் என்று நான் வெட்கமில்லாமல் சொல்வேன். மறுபக்கம், நித்திரையில்லாமல் எழும்பவே முடியாமல் இருக்கிறவவுக்குக் குளிசை அந்தக் கந்தோருக்குப் போகிற தெம்பைத் தரலாம்.

பிள்ளை பிறந்து மூண்டு மாசம். தங்கச்சி பிள்ளையத் தூக்கவே மாட்டேங்கிறா. டொக்டர்தான் பார்க்கோணுமா, மிட்வைஃப் மிஸ் போதாதா?

பிள்ளைக்கு ஏதாவது செய்துவிடுவேன் என்று பயப்படுகிறா, யாரோ கதைக்கிற சத்தம் கேட்குது என்கிறா என்றால் இன்றைக்கே ஆஸ்பத்திரி. மற்றப்படி சோர்வு, அழுகை, பிள்ளையில் பிடிப்பில்லை என்றால் மிட்வைஃப் மிஸ் நல்ல முதல் படி. பாகிஸ்தான் கிராமங்களில் எங்கட மிட்வைஃப்மாரை விடக் குறைந்த படிப்புள்ள சுகாதாரப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து 903 தாய்மாரிடம் பரீட்சித்தார்கள், 2008-இல் லான்செட்டில் வந்தது. பிள்ளைக்கு ஆறு மாதமாகும்போது சாதாரண வருகை கிடைத்தவர்களில் நூற்றுக்கு 53 பேர் இன்னும் மனச்சோர்வில், பயிற்சி பெற்றவர் வந்தவர்களில் 23. மனநலத்தில் கடந்த இருபது வருசத்தில் வந்த மிகப் பெரிய கண்டுபிடிப்பு எந்த மருந்தும் இல்லை, இதுதான் என்று எனக்குப் படுகிறது.

சாகிற எண்ணம் இருக்கா எண்டு கேட்டா, இல்லாத எண்ணத்தைக் கொடுத்த மாதிரி ஆகாதா?

ஆகாது. இதை நேரடியாகவே சோதித்த ஆய்வுகள் இருக்கின்றன, கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை. நேரே, மெதுவாக, ஏசாமல் கேளுங்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். எந்த நேரமும் 1926-க்கு எடுத்தால் தேசிய மனநல உதவி இணைப்பில் கதைக்கலாம். பொலிஸ் வருமோ என்று ஒளிக்கவும் தேவையில்லை, உயிரை மாய்க்க முயல்வது 1998-இலிருந்து இந்த நாட்டில் குற்றம் இல்லை.

இந்த விஷயத்தில் உலகத்துக்குப் பாடம் எடுத்த நாடு இலங்கை. 1995-இல் லட்சத்துக்கு 47 பேர் என்று உலகின் உச்சத்தில் இருந்த தற்கொலை, 2015 வரை சுமார் நூற்றுக்கு 70 குறைந்தது. பெரிய காரணம், கொடிய வயல் நஞ்சுகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. அதால் தப்பிய உயிர்கள் 93,000 என்று ஒரு மதிப்பீடு. விளைச்சலும் குறையவில்லை. அதே நேரம் அனுராதபுரத்தில் 180 கிராமங்களில் வீட்டுக்கு வீடு நஞ்சைப் பூட்டி வைக்கப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள், அது உதவவில்லை. எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பலருக்குக் குறுகியது, அந்த நேரம் கைக்கு எட்டுகிற தூரத்தில் கொடியது இல்லாமல் இருப்பதுதான் காப்பாற்றுகிறது.

நோன்பு பிடிக்கலாமா குளிசையோட?

பலர் பிடிக்கிறார்கள், ஸஹருக்கும் நோன்பு திறப்பதற்குமாக நேரத்தை மாற்றி. லித்தியம் எடுப்பவர்கள் மட்டும் கட்டாயம் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்க வேண்டும். பாகிஸ்தானில் நிலையாக இருந்த நோயாளிகளைப் பார்த்த ஆய்வில் நோன்பால் லித்திய அளவு பெரிதாக மாறவில்லை, ஆனால் வெயிலில் வயல் வேலை, கடல் வேலை செய்து வியர்த்துத் தண்ணீர் வற்றினால் அளவு கூடி நஞ்சாகலாம்.

வெளிநாட்டில காளான், கெற்றமின் எல்லாம் கொடுக்கிறாங்களாம். புது மருந்து எப்ப எங்களுக்கு?

கெற்றமின் பழைய மயக்க மருந்து. அதன் மூக்கு ஸ்பிரே வடிவத்துக்கு அமெரிக்கா 2019-இல் அனுமதி கொடுத்தது. 2023-இல் வந்த ஒப்பீட்டில், குரல் கேட்பது போன்ற அறிகுறி இல்லாத கடும் மனச்சோர்வில், கெற்றமின் ஏற்றியவர்களில் நூற்றுக்கு 55 பேரும் கரண்ட் வைத்தவர்களில் 41 பேரும் தேறினார்கள். காளானில் உள்ள சிலோசிபினை அவுஸ்திரேலியா 2023 யூலையிலிருந்து மனநல வைத்தியர் வழியாக மட்டும் அனுமதிக்கிறது. எக்ஸ்டசி என்கிற போதைப்பொருளான எம்டிஎம்ஏ-வை, பயங்கர நினைவுகளின் நோய்க்கு மருந்தாக்க அமெரிக்கா 2024 ஓகஸ்டில் மறுத்தது. இவற்றில் ஒரு அடிப்படைச் சிக்கல்: உண்மை மருந்து கிடைத்ததா, மாக்குளிசை கிடைத்ததா என்பது குடித்தவருக்கே தெரிந்துவிடும், பிறகு ஒப்பீட்டை எப்படி நம்புவது?

மனச்சிதைவுக்கு 2024 செப்டெம்பரில் அமெரிக்காவில் வந்த புது மருந்துதான் உண்மையில் புதுசு, மற்ற மனச்சிதைவு மருந்துகள் மாதிரி டொபமின் என்கிற மூளை இரசாயனத்தை நேரே அடைக்காத முதல் வகை. அதன் முக்கிய பரிசோதனைகள் ஐந்து கிழமைதான் ஓடின. குளோசபினும் லித்தியமும் பல பத்து வருசம் ஓடியவை, இங்கே கிளினிக்கில் இலவசம்.

ஆராய்ச்சியெல்லாம் வெள்ளைக்காரனில செஞ்சது. எங்களுக்குப் பொருந்துமா?

சிலது பொருந்தும், சிலது பொருந்தாது. மேலே பார்த்தபடி மரபணு ஆய்வில் நாங்கள் கிட்டத்தட்ட இல்லை, நஞ்சுத் தடையில் நாங்களே முன்னுக்கு. இன்னொன்று நாற்பது வருசத்துக்கு மேலாகச் சண்டையில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகளில் ஏழை நாட்டு மனச்சிதைவு நோயாளிகள் பணக்கார நாட்டவர்களை விட நல்லாகத் தேறினார்கள். நான்சி வக்ஸ்லர் இலங்கையில் ஐந்து வருசம் பின்தொடர்ந்து 1979-இல் அதையே எழுதினார். குடும்பம் கைவிடாமல், வயலில் ஏதோ ஒரு வேலை கொடுத்து, மனுசராக வைத்திருப்பதுதான் காரணம் என்றார்கள். 2008-இல் வேறு ஆராய்ச்சியாளர்கள் 23 ஆய்வுகளைப் புரட்டி, அவ்வளவு அழகான படம் இல்லை, சிகிச்சையே கிடைக்காமல் செத்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் இருக்கிறார்கள் என்றார்கள். எனக்கு இரண்டாவது கூட்டம்தான் நெருக்கமாகத் தெரிகிறது. குடும்பம் தாங்குகிறது என்று சொல்வது சுலபம், தாங்குகிற அந்த ஒரு அக்காவுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் ஒருவரும் இல்லை.

கம்பஸ் பிள்ளைகள் படிவத்தோட வந்து கையெழுத்துக் கேக்குறாங்க. போடலாமா?

போடலாம், வாசித்த பிறகு. தமிழில் தகவல் தாள் தர வேண்டும், அதன் பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்றதா என்று கேளுங்கள், நேர்மையானவர் கோபப்படமாட்டார். வேண்டாம் என்றாலும், பாதியில் விலகினாலும் உங்கள் கிளினிக் சிகிச்சை மாறக்கூடாது, அது தாளில் எழுதியிருக்க வேண்டும். பேர், அடையாள அட்டை இலக்கம், வீட்டுப் படம் எதற்கு என்று கேளுங்கள். வருத்தக்காரர் தெளிவாக இருக்கிறபோது அவரிடமே கேட்க வேண்டும், அவரை ஒதுக்கிவிட்டு அண்ணன் கையெழுத்துப் போடுவது சரியில்லை. முடிவு வந்ததும் ஊருக்கு வந்து சொல்வார்களா என்பதையும் அப்போதே கேட்டு, யார் எப்போது வருவார்கள் என்று தாளின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள்.